சுங்கம் யார் தலையில்?

பீர்க்கன்கரணையில் நின்றுகொண்டு கடல் கடந்த வாணிபத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பேசலாம், பேசவும் வேண்டும். இந்த ஊரை ஒட்டிச் செல்லும் இருப்புப்பாதையின் வழியேதான், எழும்பூரில் புறப்பட்ட 'போட் மெயில்' தனுஷ்கோடிக்கு ஓடிற்று. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் இணைப்பு ஏற்பட்டது. எழும்பூரில் ஏறியவன் கொழும்பில் போய் இறங்கினான். 1964 டிசம்பரில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. அந்தப் பாதை அறுந்தது. ஆனால், புயல் அழித்தது தண்டவாளத்தை மட்டுமே. எந்தப் புயலும் அசைக்க முடியாத வேறொரு சுவர் அந்தக் கடலின்மீது எழுந்து நின்றது. அதன் பெயர் சுங்கம்.

சுங்கம் நமக்குப் புதிதன்று. வள்ளுவர் அதனை 'உல்கு' என்றார். அரசனுக்குரிய பொருள்களில் ஒன்றாக எண்ணினார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பொதிகளின்மீது புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பின்னர் வந்த முதற் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் பெயர் பெற்றான். எத்தனையோ வெற்றிகளைக் கல்லில் வெட்டிவைத்தான் அந்த மன்னன். எனினும் மக்கள் நாவில் நிலைத்தது எது? சுங்கத்தை நீக்கிய செயல்! அந்த வரி மக்களை எவ்வளவு அழுத்தியிருந்தால் அதனை நீக்கியவனுக்கு அப்படியொரு பெயர் சூட்டியிருப்பர்!

ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. ஒரே ஆட்சியின் கீழிருந்த ஊர்களுக்கிடையிலேயே சாவடிகள் மறித்தன. சென்னை மாகாணத்தில் 1844-இல்தான் உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது. ஒழித்த கையோடு ஆட்சியாளர் செய்தது என்ன? இழந்த வருவாயை ஈடுகட்ட உப்பின்மீது வரியை உயர்த்தினர். வணிகன் தோளிலிருந்து இறங்கிய சுமை ஏழையின் கஞ்சிக் கலயத்தில் ஏறியது!

வடக்கே நடந்தது இதனினும் விந்தை. உப்பு கடந்து செல்லாமல் தடுக்க முள்வேலி வளர்த்தனர். சிந்து ஆற்றங்கரை தொடங்கி மகாநதி வரையில், ஏறத்தாழ 2,300 மைல் நீளத்துக்குச் சுங்க எல்லை நீண்டது; ஏறத்தாழ 12,000 பேர் அதற்குக் காவல். அந்தச் சுங்கத்துறைக்கு 1867 முதல் 1870 வரை ஆணையராக இருந்து வேலியைச் செழிக்கச் செய்தவர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம்! 1885-இல் காங்கிரசு மகாசபையைத் தோற்றுவித்தாரே, அதே ஹியூம்! 1879-இல் அந்த எல்லை கைவிடப்பட்டது, வேலி பட்டது. உப்பு வரி மட்டும் பட்டுப்போகவில்லை.

பழங்கதை போகட்டும். சுங்கம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். அண்டை நாட்டிலிருந்து 100 ரூபாய்க்கு ஒரு பொருள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மீது 40 விழுக்காடு சுங்கம். அங்காடியில் அது 140 ரூபாய்க்குக் குறையாது. உள்நாட்டில் அதே பொருளை விளைவிப்பவன் 110 ரூபாய்க்குத் தர முடிந்தவனாயினும், 135-க்கு விற்க அவனுக்கு இடம் கிடைக்கிறது. கூடுதல் பணத்தில் ஒரு பகுதி அரசின் கருவூலத்துக்கு; ஒரு பகுதி விளைவிப்பவனுக்கு, அல்லது இடையில் நிற்கும் வணிகனுக்கு. கொடுப்பவன் மட்டும் ஒருவனே. பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறானே, அவன்! அயல்நாட்டான் வரி கட்டுகிறான் என்று மேடையில் முழங்குவோர் இந்தக் கணக்கை மக்களுக்குச் சொல்வதில்லை.

அப்படியாயின் சுங்கமே கூடாது என்கிறோமா? அவசரப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தின் கதையைக் கேட்போம்.

1970 முதல் 1977 வரை இலங்கையை ஆண்டது சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு. மிளகாய், வெங்காயம் போன்ற பொருள்களின் இறக்குமதி இறுக்கிக் கட்டுப்படுத்தப்பட்டது. கொழும்பில் வாங்குவோர் வாடினர். பொருள்களுக்கு வரிசையில் நின்றனர். ஆனால் யாழ்ப்பாணத்து உழவன் நிமிர்ந்தான். கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணில் அவன் விளைவித்த மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின. 1977-இல் ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டார். இறக்குமதிச் சரக்கு குவிந்தது, விலை விழுந்தது. கொழும்பில் வாங்குவோர் மகிழ, வடக்கின் உழவர் குடும்பங்கள் வருவாய் இழந்தன. வடபகுதி இளைஞர் உள்ளத்தில் மூண்ட கசப்புக்கு இதனையும் ஒரு காரணமாக ஆய்வாளர் எண்ணுவர்.

ஒரு கதவு மூடியபோது ஒருவன் வாழ்ந்தான், ஒருவன் வாடினான். அதே கதவு திறந்தபோது வாடியவன் வாழ்ந்தான், வாழ்ந்தவன் வாடினான். இரு வேளையிலும் அவ்விருவரையும் அழைத்துக் கருத்துக் கேட்டார் யாருமில்லை!

அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை விதித்தது. உள்நாட்டு உழவரைக் காப்பது நோக்கம் என்றனர். ஆனால் நாட்டின் தேவைக்குப் போதுமான மஞ்சள் அங்கே விளையவில்லை. விலை பன்மடங்கு ஏறிற்று. விளைவு? இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் இரவோடு இரவாகத் தோணி ஏறின. மங்கலப் பொருள் என்று தட்டில் வைத்து வணங்கப்படும் மஞ்சள், தங்கக்கட்டியைப்போலக் கள்ளக்கடத்தற் பொருளாயிற்று! எந்த மந்திரமும் அதன் விலையை இறக்கவில்லை. தேவையை அளக்காமல் போடும் தடை, கள்ள வணிகனுக்குத் தரும் உரிமச்சீட்டு என்பது அன்று மெய்ப்பட்டது.

தடைபோட்டவர் அவர்கள் மட்டுமல்லர். 2023 ஆகஸ்டில் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தது. டிசம்பரில் ஏற்றுமதியையே தடுத்தது. 2024 மே மாதத்தில் தடை நீங்கிற்று, வரி நின்றது. செப்டம்பரில் அது 20 விழுக்காடாகக் குறைந்து, 2025 ஏப்ரலில்தான் ஒழிந்தது. உள்ளூர்ச் சமையலறைக்கு விலை ஏறக்கூடாது என்பது காரணம், நல்ல காரணமே. ஆனால் அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? அயல்நாட்டுச் சந்தையை இழந்த உழவர் ஒருபுறம்; இந்திய வெங்காயத்தையே பெரிதும் நம்பியிருந்த இலங்கை, வங்கதேச மக்கள் மறுபுறம்.

சுவரைத் தாழ்த்தும் முயற்சியும் நடந்ததுண்டு. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் தடையிலா வாணிப உடன்பாடு செய்தன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. உடனே சிலர் சந்து கண்டுபிடித்தனர். பாமாயிலுக்கு இந்தியாவில் உயர்ந்த வரி. இலங்கையில் குறைந்த வரி. ஆகவே அதனை இலங்கையில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பினர். ஆண்டுக்கு 2,50,000 டன் என்று எல்லை கட்ட நேர்ந்தது. மிளகுக்கும் 2,500 டன் என்று அளவு வைத்தனர். வேறு நாட்டு மிளகு இலங்கை மிளகு என்னும் பெயரில் வருகிறது என்று மலைநாட்டு உழவர் குமுறினர். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று இந்திய அரசு விதித்தது. தோட்டக்காரருக்கு அது கவசம். இரசம் வைக்கும் ஏழை வீட்டுக்கு அது கூடுதற் செலவு.

இத்தனையும் எங்கே முடிவாகின்றன? சுங்கமும் ஏற்றுமதி வரியும் அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 83-ஆம் இனம். அயல்நாட்டு வாணிபம் 41-ஆம் இனம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைவெளி சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த இடைவெளியின் வாணிபம் தொலைவிலுள்ள டில்லியிலும், கடலுக்கப்பால் கொழும்பிலும் தீர்மானிக்கப்படுகிறது. இக்கரையில் விளைவிப்பவனுக்கோ, அக்கரையில் வாங்குபவனுக்கோ அங்கே இருக்கை இல்லை. மாநிலத்தின் குரலுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே 1969-இல் இராசமன்னார் குழுவை அமைத்தது தமிழக அரசு. 1971-இல் குழு அறிக்கை தந்தது. கேள்வி மட்டும் இன்றும் அப்படியே நிற்கிறது.

தொலைதூரச் செய்தி இது என்று எண்ணிவிடாதீர். நமக்கு மிக அண்மையில், தாம்பரம் சானடோரியத்தில், 1984-இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்தைப் பாருங்கள். நம் ஊரின் மண். நம் வீட்டுப் பெண்களின் உழைப்பு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த மதிலுக்குள் இருப்பது நாட்டின் சுங்க எல்லைக்கு அப்பாற்பட்ட இடம்! அங்கே உருவாகும் பொருள் கடல் கடந்தால் சுங்கமில்லை. வாயிலைக் கடந்து நம் கடைக்கு வந்தால் சுங்கம். எல்லை என்பது இயற்கை கிழித்த கோடன்று, மனிதன் எழுதிய சட்டம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ!

மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். சுங்கம் புனிதமுமன்று, பாவமுமன்று. அது ஒரு கருவி. தேசபக்தியின் பெயரால் அதனைக் கும்பிடுவதும், சந்தையின் பெயரால் அதனைச் சபிப்பதும் ஒரே வகை மூடத்தனம். ஒவ்வொரு வரி அறிவிக்கப்படும்போதும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம்: இதனால் காக்கப்படுபவன் யார்? இதன் சுமையைத் தாங்குபவன் யார்? அவ்விருவரும் முடிவெடுத்த அவையில் இருந்தனரா?

விடை கிடைக்கும் வரையில் கேட்போம். கேட்காத நாட்டில்தான் சுங்க எல்லை 2,300 மைல் நீண்டது.