நீலிக் கண்ணீரும் கள்ளிச் சாட்சியும்

இந்த எபிசோட் ஒரு வாட்ஸாப் குரூப்ல இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் எங்க காலேஜ் குரூப்ல ஒருத்தர் ஒரு வீடியோ போட்டார். ஒரு பெண் தன் கணவன் மேல புகார் கொடுத்துட்டு, வெளியே நின்னு அழுதுகிட்டே பேசுறாங்க. யாரு, எந்த ஊருங்கிறது இங்க வேண்டாம். அதுக்குக் கீழே ஒரு நண்பன் ரெண்டே வார்த்தை எழுதினான்: "நீலிக் கண்ணீர்." வரிசையா சிரிப்பு எமோஜி விழுந்துச்சு. அதுல ஒண்ணு நான் போட்டது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஏன்னா என் சொந்த ஊர் திருவட்டாறு. நீலி எங்க மாவட்டத்துக்காரி. அவ கதையைச் சின்ன வயசுல கோயில் கொடையில, வில்லுப்பாட்டுல, ஆச்சி மடியில படுத்துக்கிட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதை தெரிஞ்ச ஒருத்தன் அந்த எமோஜியைப் போட்டிருக்கவே கூடாது.

"லோகா" படம் பார்த்தவங்களுக்குக் கள்ளியங்காட்டு நீலிங்கிற பேர் பழக்கமா இருக்கும். 2025 ஆகஸ்ட்ல வந்த மலையாளப் படம், கல்யாணி பிரியதர்ஷன் நடிச்சது. படம் பார்த்துட்டுப் பலர் அவளைக் கேரளத்து யட்சின்னு நினைச்சுட்டாங்க. ஆனா கள்ளியங்காடு இருக்கிறது நாகர்கோவில்ல, பார்வதிபுரம் பக்கம். திருவட்டாறுல இருந்து தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை வழியா நாகர்கோவில் போறவங்க அந்தப் பக்கமாத்தான் போகணும். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க மாவட்டம் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால, ரெண்டு மொழிக்காரங்களும் நீலியைத் தங்களோடவளா நினைக்கிறதுல ஆச்சரியம் இல்லை. இன்னைக்கு அங்க வீடு, கடை, டிராஃபிக். கள்ளிக்காடு ஊர்ப்பேர்ல மட்டும்தான் மிச்சம்.

சரி, கதைக்குப் போவோம். பாட்டுக்குப் பாட்டு பேரும் விவரமும் மாறும். நான் சொல்றது எங்க பக்கத்து வில்லுப்பாட்டுல பொதுவா வர்ற வடிவம்.

கோயில்ல பூசை செய்யுற குடும்பத்து இளைஞன் ஒருத்தன். அவனுக்கு ஒரு தேவதாசிப் பெண் மேல மோகம். இருக்கிற பணத்தையெல்லாம் அவ வீட்டுல கொண்டுபோய்க் கொட்டுறான். பணம் தீர்ந்ததும் பெண்ணோட அம்மா அவனை வெளியே துரத்துறா. அவன் ஊரை விட்டே கிளம்பிடுறான். ஆனா அந்தப் பெண்ணுக்கு அவன் மேல உண்மையான அன்பு. போட்ட நகையோட அவன் பின்னாடியே நடந்து போறா. காட்டு வழி, வெயில், களைப்பு. ஒரு கள்ளி மரத்தடியில அவன் மடியில தலை வச்சுத் தூங்கிடுறா. அவன் அந்த நகையைப் பார்க்கிறான். மணலைக் குவிச்சு, அவ தலையை மெதுவா அதுல இறக்கி வச்சு, ஒரு கல்லை எடுத்துப் போடுறான்.

சாகப்போற நேரத்துல அவ சுத்திப் பார்க்கிறா. மனுஷங்க யாரும் இல்லை. எதிர்ல கள்ளி மட்டும் நிக்குது. "நீதான் சாட்சி"ன்னு அதுகிட்டச் சொல்லிட்டு உயிரை விடுறா. நகையோட போனவனைப் பாம்பு கடிச்சுடுது.

அடுத்த பிறவியில அவ சோழ ராஜா வீட்டுல இரட்டைப் பிள்ளைகள்ல ஒருத்தியா, நீலியா, பேயாப் பிறக்கிறா. கூடப் பிறந்தவன் நீலன். அந்தக் கொலைகாரன் ஆனந்தன்ங்கிற வியாபாரியாப் பிறக்கிறான். அவன் சரக்கோட காட்டு வழி வரும்போது நீலி அவனைப் பிடிச்சுக்கிறா. அவன் கையில காவலுக்கு ஒரு வாள் இருக்கு. அது இருக்கிற வரைக்கும் அவளால அவனைத் தொட முடியாது. அவன் ஒரு ஊருக்குள்ள ஓடி அடைக்கலம் கேட்கிறான்.

அவ என்ன செய்யுறான்னா, ஒரு கள்ளிக் கொம்பை ஒடிச்சுக் குழந்தையா மாத்தி, இடுப்புல வச்சுக்கிட்டு ஊர்ச்சபைக்கு வர்றா. எழுபது பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க. "இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுட்டு ஓடுறார்"ன்னு அழுறா. குழந்தை அவனைப் பார்த்து "அப்பா"ங்குது. அவன் கத்துறான்: "இவ பேய், என்னைக் கொன்னுடுவா." யாரும் கேட்கலை. "பொண்டாட்டி பிள்ளையைக் காட்டிக்கிட்டுப் பேய்ங்கிறியா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க எழுபது பேரும் உயிரை விடுறோம்"ன்னு வாக்குக் கொடுத்து, வாளை வாங்கி வச்சுக்கிட்டு, ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல விட்டுக் கதவைச் சாத்துறாங்க. காலையில பார்த்தா அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன வாக்கைக் காப்பாத்துறாங்க.

அந்த அழுகைதான் இன்னைக்கும் நம்ம வாயில இருக்கிற "நீலிக் கண்ணீர்".

இப்போ கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. கள்ளி இந்தக் கதையில ரெண்டு தடவை வருது. முதல் தடவை அது சாட்சி. ரெண்டாவது தடவை அது குழந்தை. முதல் தடவை அவளுக்கு நடந்தது அத்தனையும் நிஜம், ஆனா கேட்க ஒரு மனுஷன் இல்லை. ரெண்டாவது தடவை அவ சொன்னது பொய், எழுபது பேரும் நம்பினாங்க. நம்ம மொழி ரெண்டாவது தடவையை மட்டும் ஒரு சொல்லா எடுத்து வச்சுக்கிச்சு. முதல் பாதியை ஞாபகம் வச்சிருக்கிறது அந்த மரம்தான். நான் பார்க்கிற வேலையில சொல்லணும்னா, சர்வர் விழுந்தப்போ பக்கத்துல யாரும் இல்லை, லாக் ஃபைல் மட்டும் இருந்துச்சு. அதை யாரும் திறந்து பார்க்கலை.

ஏன் கள்ளி? ஆலமரம், அரசமரம்னு எவ்வளவோ இருக்கே? வறண்ட நிலத்துல வேற எதுவும் நிக்காத இடத்துல நிக்கிற செடி கள்ளி. சதுரக்கள்ளி ஆளை விட உயரமா, மரம் மாதிரியே வளரும். முள் இருக்கிறதால ஆடு மாடு வாய் வைக்காது, வேலிக்கு நடுவாங்க. ஒடிச்சா பால் வரும். அந்தப் பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அதைவிட முக்கியம், ஒடிச்ச கொம்பை மண்ணுல நட்டா அது வேர் விட்டுப் பிழைச்சுக்கும். ஒடிச்சா பால் சுரக்குது, ஒடிஞ்ச துண்டு தனியா உயிர் வாழுது. அப்படிப்பட்ட கொம்பு இடுப்புல உட்கார்ந்து குழந்தையாகுதுன்னா, அந்தக் கற்பனை எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுது இல்லையா? திருவட்டாறு சுத்துவட்டாரத்துல விடியக்காலையில ரப்பர் பால் வெட்டுறதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: ரப்பரும் கள்ளியும் ஒரே தாவரக் குடும்பம்.

முள்மரத்தை இப்படிப் பார்த்தது நாம மட்டும் இல்லை. இங்கிலாந்துல கிளாஸ்டன்பரின்னு ஒரு ஊர். அங்க ஹாதார்ன்னு ஒரு முள்மரம். ஏசுவோட உடலை அடக்கம் செஞ்ச அரிமத்தியா ஊர் யோசேப்பு அங்க வந்து கைத்தடியை மண்ணுல ஊன, அது தளிர்த்து மரமாச்சுன்னு கதை. வசந்தத்துல ஒரு தடவை, கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு தடவைன்னு வருஷத்துக்கு ரெண்டு முறை பூக்கும். 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்ல, இது மூடநம்பிக்கைன்னு சொல்லி அதை வெட்டினாங்க. 2010 டிசம்பர்ல அந்தக் குன்றுல இருந்த மரத்தோட கிளைகளை யாரோ அறுத்துப் போட்டாங்க. ஆனா விதை போட்டா அந்த ரெண்டு முறை பூக்குற குணம் வராதுங்கிறதால, கொம்பை ஒட்டுப் போட்டே காலங்காலமா வளர்த்து வச்சிருக்காங்க. அதனால அந்த மரம் வேற இடங்கள்ல இன்னும் பூக்குது. அங்கயும் ஒடிஞ்ச கொம்புதான் கதையைக் காப்பாத்துது.

அயர்லாந்துல இதே ஹாதார்ன் தேவதைகளோட மரம். தனியா நிக்கிற ஒண்ணை வெட்டினா கேடு வரும்பாங்க. 1999ல கிளேர் மாவட்டத்துல ஒரு நெடுஞ்சாலை வேலைக்கு நடுவுல அப்படி ஒரு மரம் இருந்துச்சு. எடி லெனிஹன்ங்கிற கதைசொல்லி, இதை வெட்டாதீங்கன்னு எழுதினார், பேசினார். கடைசியில மரத்தை விட்டுட்டுத்தான் சாலையைப் போட்டாங்க. கள்ளியங்காட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாலை ஞாபகம் வரும்.

இனி, இந்தக் கதை எவ்வளவு பழசு? 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்துல, ஒரு பெண் வஞ்சனையால ஒரு உயிரைக் கொண்டதையும், அந்தப் பழி பழையனூர்க்காரங்களை அச்சுறுத்துறதையும் குறிப்பா சொல்றார். பழையனூர் திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர், இப்போ திருவள்ளூர் மாவட்டம். 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழாரும் பழையனூர் வேளாளர்கள் வாக்குக்காக உயிர் கொடுத்ததைப் பெருமையா சொல்றார். ரெண்டு இடத்துலயும் வெளிச்சம் ஊர்க்காரங்க மேலதான் விழுது. சாட்சி இல்லாம செத்தவ நிழல்ல நிக்கிறா.

அவளை வேற மாதிரி பார்த்தவங்களும் உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்கள்ல ஒண்ணான "நீலகேசி" ஒரு சமண நூல். அதோட நாயகி நீலி ஒரு பேய். ஒரு முனிவரை மிரட்டப் போய், அவர்கிட்டயே அறம் கேட்டு, அப்புறம் ஊர் ஊராப் போய் மத்த சமயத்துக்காரங்களோட வாதம் பண்ணி ஜெயிக்கிறா. அழுது சாதிச்சவள்னு பேர் வாங்கினவளுக்கு, அந்தக் கவிஞர் தர்க்கத்தைக் கையில கொடுத்திருக்கார்.

சமணம்னதும் எங்க ஊர்ப் பக்கத்துக்கே வரலாம். திருவட்டாறுல இருந்து கொஞ்ச தூரத்துல சிதறால் மலை இருக்கு. பழைய பேர் திருச்சாரணத்துமலை. 9ஆம் நூற்றாண்டுல ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிற சமணத் தலம். பாறையில தீர்த்தங்கரர்களோட, சிங்கமும் பிள்ளைகளுமா அம்பிகா யட்சியும் செதுக்கப்பட்டிருக்கா. அம்பிகாவோட கதையைக் கேளுங்க. ஒரு துறவிக்கு உணவு கொடுத்த குற்றத்துக்காகக் கணவனால வீட்டை விட்டு விரட்டப்பட்டவ. ரெண்டு பிள்ளைகளோட நடந்து போறா. பிள்ளைகளுக்குப் பசி. பட்டுப் போன ஒரு மாமரம் அவளுக்காகக் காய்க்குது. கடைசியில செத்து யட்சி ஆகுறா. அநியாயம் செஞ்ச ஒரு ஆண், இடுப்புல குழந்தை, பக்கத்துல ஒரு மரம். நீலி கதையில இருக்கிற அதே மூணு விஷயம்.

யட்சி தமிழ்ல இயக்கி. இயக்கி எங்க ஊர் வாயில இசக்கி. ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தல்ல காத்தாடிகளுக்கு நடுவுல இருக்கிற இசக்கியம்மன் கோயிலைப் பலர் பார்த்திருப்பீங்க. இசக்கி சிலையைக் கவனிச்சா கையில ஒரு குழந்தை இருக்கும். பிள்ளை வேணும்னு வேண்டிக்கிறவங்க தொட்டில் கட்டுவாங்க. கோர்ட்டுல "பொய்க் குழந்தை"ன்னு முடிஞ்ச வழக்கு, கோயில்ல அதே குழந்தையோட அவளை அம்மாவா உட்கார வச்சிருச்சு.

இந்த எபிசோடுக்காக ஆச்சிக்கு போன் பண்ணினேன். "ஆச்சி, நீலி நல்லவளா கெட்டவளா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "அத விடு மக்ளே. அந்த எழுவது பேருல ஒருத்தனாவது ஒரு கேள்வி கேட்டானா? அழுகயப் பாத்தே தீர்ப்புச் சொல்லிட்டானுவ."

அதுதான் நான் தவறவிட்ட இடம். ஆனந்தன் அன்னைக்கு உண்மையைத்தான் சொன்னான், அவ பேய்தான். அதனால "அழுறவங்க எல்லாரையும் நம்பு"ங்கிறது இந்தக் கதையோட பாடம் ஆகாது. அந்தச் சபை கண்ணீரைப் பார்த்து நம்பிச்சு. எங்க குரூப் கண்ணீரைப் பார்த்து நம்பாம சிரிச்சுச்சு. அவுட்புட் வேற, பக் ஒண்ணுதான். ரெண்டு பேருமே விசாரிக்கலை. முதல்ல என்ன நடந்துச்சு, எந்தக் கள்ளி மரத்தடியில, யார் பார்த்தாங்கன்னு யாரும் கேட்கலை.

எமோஜியை எடுத்துட்டேன். குரூப்ல முதல் பாதிக் கதையை எழுதினேன். ரெண்டு பேர் பதில் போட்டாங்க, மத்தவங்க வேற வீடியோவுக்குப் போயிட்டாங்க. பரவாயில்லை.

அடுத்த தடவை யாராவது "நீலிக் கண்ணீர்"னு சொன்னா, கள்ளி என்ன பார்த்துச்சுன்னு தெரியுமான்னு கேளுங்க. உங்க ஊர்ல இப்படிச் சாட்சி நிக்கிற மரம் இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.