த்ரீ நாட் த்ரீ: ஓர் உபரித் துப்பாக்கியின் வரலாறு

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவனாக இருந்த நாட்களில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தேன். அணிவகுப்புக்கென்று எங்கள் தோளில் ஏற்றப்பட்டது ‘த்ரீ நாட் த்ரீ’ எனப்படும் .303 துப்பாக்கி. ஏறத்தாழ நான்கு கிலோ எடை. குழலில் துளையிட்டுச் சுட இயலாதவையாக்கப்பட்ட துப்பாக்கிகள் அவை. ஒருநாள் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, இரும்புப் பட்டையில் 1942 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். “இது இன்னும் சுடுமா சார்?” என்று பயிற்சி அளித்த ஹவில்தாரிடம் கேட்டேன். “ஓட்டை போட்டிருக்கு தம்பி. போடாம இருந்தா இன்னிக்கும் சுடும்” என்றார்.

2020 குடியரசு நாளையொட்டி உத்தரப் பிரதேசக் காவல்துறை இத்துப்பாக்கிக்கு விடை கொடுத்தது என்ற செய்தியைப் படித்தபோது அந்த உரையாடல் நினைவுக்கு வந்தது. சுடுமா என்பது ஒரு கேள்வி. இக்காலத்துக்குப் பயன்படுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை தேடினால், நம் பொருநைக் கரையின் வரலாறும் குறுக்கே வருகிறது.

முதலில் கருவியைப் பற்றி. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த தாழ்ப்பு அமைப்பும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலையில் உருவான குழலும் சேர்ந்து ‘லீ என்ஃபீல்டு’ ஆயிற்று. 1895இல் பிரிட்டிஷ் படை இதனை ஏற்றது. 1907இல் வந்த மூன்றாம் மாதிரிதான் முதல் உலகப்போரில் பரவலாகப் பயன்பட்டது. வங்காளத்தின் இச்சாப்பூரில் 1904இல் நிறுவப்பட்ட ஆலை, இந்தியாவிலேயே இதனைச் செய்து தந்தது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் தாழ்ப்பைக் கையால் இழுத்துத் தள்ளவேண்டும். ஆயினும் பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுட்டுவிடுவான். சேறு, தூசி, பனி எதற்கும் எளிதில் முடங்காது. கனடாவின் வடதுருவப் பகுதிகளில் ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது ஆண்டுகள் இதையே சுமந்தார்கள். அவர்களுக்கு அது பனிக்கரடியிடமிருந்து காத்துக்கொள்ளும் கருவி. அந்த அளவில் இதன் தரத்தைப் பற்றி ஐயமே வேண்டாம்.

ஆனால் இந்தியாவில் துப்பாக்கியின் தரம் ஒருபோதும் தனியாக மதிப்பிடப்பட்டதில்லை. அது யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வியோடு சேர்த்தே மதிப்பிடப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமாக்கப்பட்ட 1801ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்யும் பிரகடனத்தைச் சென்னை கவர்னர் வெளியிட்டார். 1857க்குப் பின், இந்தியச் சிப்பாய்களுக்கென்றே குழலின் உள்வரிகள் நீக்கப்பட்ட, குறி தவறக்கூடிய துப்பாக்கிகள் தனியே செய்யப்பட்டன. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. நம் .303உம் இதற்கு விலக்கன்று. காவலர்களுக்கும் சிறைக்காவலர்களுக்கும் கொடுப்பதற்காக, இச்சாப்பூரில் பல துப்பாக்கிகளின் குழலை அகலப்படுத்தி .410 மஸ்கெட்டாக மாற்றினார்கள். தோட்டா அறை மரக்கட்டையால் அடைக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான். பறிபோனாலும் ஆட்சிக்கு ஆபத்தில்லை என்பதே கணக்கு. விடுதலைக்குப் பின்னும் இந்தச் சிந்தனை தொடர்ந்தது. குடிமக்களுக்கு .303 தடைசெய்யப்பட்ட அளவு. அவர்களுக்காக அதே இச்சாப்பூர் ஆலை .315 என்ற வேறு அளவில் வேட்டைத் துப்பாக்கி செய்து விற்றது.

1962இல் சீனப் போரில் நம் வீரர்கள் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே .303ஐ ஏந்தி நின்றார்கள். அந்தத் தோல்விக்குப் பின் இராணுவம் படிப்படியாகத் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆருக்கு மாறியது. கைவிடப்பட்ட .303 எங்கே போயிற்று? மாநிலக் காவல்துறைகளுக்குத்தான். எல்லையில் போதாது என்று தீர்ப்பான கருவி, ஊருக்குள் போதும் என்று முடிவாயிற்று. அந்த முடிவு எதை அளவுகோலாகக் கொண்டது என்று யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டுப் பார்ப்போம். .303இன் குறிகாட்டியில் 2000 கஜம் வரை அளவு குறிக்கப்பட்டிருந்தது. அதன் ஏழாம் மாதிரித் தோட்டாவின் முனைக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ மரக்கூழோ வைக்கப்பட்டிருக்கும். அதனால் பின்பாரம் மிகுந்து, உடலுக்குள் நுழைந்ததும் குண்டு புரளும். போர்க்களத்தின் நெடுந்தொலைவுக்காகச் செய்யப்பட்ட இப்பொருளை நெல்லை டவுன் ரத வீதியில் வைத்து எண்ணிப் பாருங்கள். குறிவைத்தவரைத் துளைத்த குண்டு அவருக்குப் பின்னால் நிற்பவரையும் விடாது. காலுக்குக் கீழே சுடுவது என்ற விதி, இத்தகைய கருவியிடம் மிகச் சிறிய காப்பு. ஆயுதமேந்திய எதிரியிடமோ இது எளிதில் தோற்றுவிடும். 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில், ஏ.கே. 47களுக்கு எதிரே சில காவலர்களிடம் இருந்தவை .303கள்தாம். கூட்டத்துக்கு மிகை, பயங்கரவாதிக்குக் குறை. காவல் ஆயுதமாக இதன் மதிப்பீடு என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. நண்பர்கள் சிலர் சொல்வார்கள்: ஒவ்வொரு குண்டுக்கும் கை ஒருமுறை தாழ்ப்பை இழுக்கவேண்டியிருப்பதால், சுடுபவனுக்குச் சிந்திக்க ஒரு நொடி கிடைக்கிறது, தானியங்கியைவிட இது மனிதத்தன்மை கூடியது என்று. நானும் சில காலம் அப்படி நம்பியதுண்டு. ஜாலியன்வாலா பாகின் கணக்கு அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. 1919 ஏப்ரல் 13 அன்று அங்கே சுட்டவர்கள் ஐம்பது பேர். அவர்கள் கையில் இருந்தது இதே .303. செலவான தோட்டாக்கள் 1650. அப்படியானால் ஆளுக்கு முப்பத்துமூன்று முறை. பத்து நிமிடங்களில், முப்பத்துமூன்று முறை தாழ்ப்பு இழுக்கப்பட்டிருக்கிறது. முப்பத்துமூன்று நொடிகள் சிந்திக்கக் கிடைத்திருக்கின்றன. தோட்டாக்களின் எண்ணிக்கை ஐயமறப் பதிவாகியிருக்கிறது. இறந்தவர் தொகையோ அரசுக் கணக்கில் 379, காங்கிரஸ் விசாரணையில் ஏறத்தாழ ஆயிரம்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி. கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலி கிளர்ந்தெழுந்தபோது காவல்துறை சுட்டதில் நால்வர் இறந்தனர். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியில், 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது பதின்மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கே வேன் மீது ஏறி நின்று காவலர் ஒருவர் குறிபார்த்த படத்தை மறக்க முடியவில்லை. காவல்துறை வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சொன்னது. இவ்விரண்டுக்கும் இடையே 1999 ஜூலை 23 இருக்கிறது. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தின் மீது தடியடி நடந்தது. ஆற்றுக்குள் ஓடியவர்களுள் ஒரு குழந்தை உட்படப் பதினேழு பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர். அங்கே கருவியாக ஒரு தடியும் ஆறுமே போதுமானவையாக இருந்தன.

ஆகவே பழைய துப்பாக்கியை மாற்றியதாலேயே நம் தெருக்களும் கரைகளும் பாதுகாப்பாகிவிட்டன என்று சொல்ல என்னால் இயலவில்லை. .303 ஓய்வு பெறவேண்டியதுதான். அதன் இடத்தில் வருவது எதுவாயினும், ஆணையிடுபவர் பின்னர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் வழக்கம் வராதவரை, கருவியின் வயது மட்டுமே குறையும்.

‘துப்பாக்கி’ துருக்கியிலிருந்து வந்த சொல் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம், குறளில் மழையைப் பாடும் அதிகாரத்திலும் அதே எழுத்துக்கள் வருமே என்று ஏதாவதொரு மாணவர் எழுந்து கேட்பார். அங்கே பொருள் வேறு, உணவாக்குதல் என்று விளக்குவேன். ஆற்று நீரால் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகள் இரண்டு பொருளையும் குறித்துக்கொள்வார்கள். 1999 ஜூலை 23 என்று பலகையில் எழுதினால், அது என்ன நாள் என்று அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.