வட்டத்துள் ஓர் இடம்

ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு வரும் திருப்பயணிகளுள், அறிவுசார் குறைபாடுடைய தம் பிள்ளைகளைக் கைபற்றி அழைத்து வரும் பெற்றோரையும் நாம் காண்கிறோம். மேளம் கேட்டதும் அப்பிள்ளைகளுட் சிலர் தம் போக்கில் ஆடத் தொடங்குவர். "சும்மா நில்" என்று பெற்றோர் அடக்குவர். ஊரார் பார்ப்பார்களே என்னும் கூச்சந்தான் காரணம். இவ்வாறு அடக்கப்படும் அசைவையே வாயிலாகக் கொண்ட துறையொன்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்துள்ளது.

அமெரிக்க நடனக் கலைஞர் மரியன் சேஸ் அம்மையார் 1942-இல் வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணி தொடங்கினார். வாய் திறவாதோரைப் பேசுமாறு அவர் வற்புறுத்தவில்லை. வட்டமாக நிறுத்தினார், ஒருவர் தோளை அசைத்தால் தாமும் அவ்வாறே அசைத்தார். 'உன்னைக் கண்டுகொண்டேன்' என்பதைச் சொல்லின்றிச் சொல்லும் முறை அது. 1966-இல் அமெரிக்க நடன சிகிச்சைக் கழகம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே.

ஆனால் சேஸ் பணியாற்றியது மனநோயாளரிடையே. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. முன்னது எவ்வயதிலும் வரலாம், சிகிச்சையால் தணியலாம். பின்னது வளர்ச்சிப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுதும் உடனிருப்பது. இரண்டையும் 'பைத்தியம்' என்னும் ஒரே சொல்லால் குறித்து நம் ஊர்கள் இழைத்த கொடுமை சிறிதன்று. எனவே இப்பிள்ளைகளுக்கு ஆடல் குறைபாட்டை நீக்கும் மருந்தன்று, கற்பிக்கும் வழி.

அவ்வழியைத் தமிழகத்தில் நம் கலைகளைக் கொண்டே வகுத்தவர் அம்பிகா காமேஷ்வர். சென்னையில் 1989-இல் அவர் தொடங்கிய 'ராசா' என்னும் ரமண சுந்ருத்ய ஆலயம், நாட்டியம், இசை, கதை, நாடகம் ஆகியவற்றைச் சிறப்புக் கல்வியோடு இணைத்தது. அடவு வைக்கும் பிள்ளை எண்ணிக்கையையும் இடம் வலத்தையும் உடலால் அறிகிறது. முத்திரை பிடித்துப் பழகும் விரல் சட்டைப் பொத்தானுக்கும் பழகும். சினம், அச்சம் ஆகியவற்றை முகத்தில் காட்டக் கற்கும்போது, பிறர் முகத்திலும் அவற்றை இனங்காண இயலும். தன் முறைக்குக் காத்திருத்தலும் ஒரு பாடமே. பலருக்கு இதுவே கடினமானது.

ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு. டவுன் நோய்க்குறி உடைய பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். சிலருக்குக் கழுத்து எலும்பு இணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்த பின்னரே துள்ளலும் குட்டிக்கரணமும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 29-ஆம் பிரிவில் கலை வாழ்வில் பங்குபெறுதலையும் உரிமையாக வைத்துள்ளது. நம் பங்குத் திருவிழா மேடைகளில் அதன் அடையாளம் அரிதே.

சேஸ் அமைத்த வட்டம் குமரி மாவட்டத்துக்குப் புதியதன்று. கும்மியும் களியலும் வட்ட ஆட்டங்களே. களியலில் ஒருவர் கம்பு அடுத்தவர் கம்போடு பொருந்த வேண்டும். பிந்தும் பிள்ளையொன்று அவ்வட்டத்துள் நின்றால், பக்கத்திலிருப்பவர் ஒரு கணம் கம்பை நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்; பாடும் ஆசானும் தாளத்தைச் சற்றே தளர்த்த வேண்டியிருக்கும்.