தீக்காயத்தில் உயிரணு

உயிரணு என்பது சவ்வால் சூழப்பட்டு, தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே ஆக்கிக்கொண்டு, தன்னைப்போல் இன்னொன்றைப் பிறப்பிக்கவல்ல மிகச் சிறிய உயிர் அலகு. பள்ளிப் பாடத்தில் செல் என்று படிப்பதும் இதையே. வெங்காயத் தோலை வைத்துப் பாடத்தைத் தொடங்குவது வழக்கம். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டி போன்ற பட்டாசு ஊர்களில் மனிதத் தோலிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இங்கே தீக்காயம் என்பது வீடுகளுக்கு நன்கு பழகிய சொல். தீப்பட்ட நொடியிலிருந்து அந்தக் காயம் வடுவாகி இறுகும் வரை, உயிரணுவின் சவ்வு, பிரிதல், சுருங்குதல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முன்னுக்கு வருகின்றன.

தோல்

பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறையிலிருந்து மாலையில் வெளியே வருபவரின் கை அலுமினியப் பவுடரால் வெள்ளிபோல் மின்னும். விரல் ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் படிந்த தூள் சோப்புக்கு எளிதில் போகாது. அது ஒட்டியிருப்பது இறந்த உயிரணுக்களின்மேல். கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, உட்கருவை இழந்து, தட்டையாகிப்போன உயிரணுக்களே நம் தோலின் வெளி அடுக்கு. அவை நாள்தோறும் உதிர்கின்றன. மேல்தோலின் அடித்தளத்தில் ஒற்றை வரிசையாக நிற்கும் உயிரணுக்கள் பிரிந்து புதியவற்றை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அங்கே பிறந்தது மேலேறி உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். உடலின் பெரும்பகுதியில் மேல்தோலின் மொத்தத் தடிமன் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். உள்ளங்கையில் அது பல மடங்கு கூடுதல். புறங்கையும் முகமும் உள்ளங்கையைவிட ஆழமாக வெந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சவ்வு

உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு பத்து நானோமீட்டரைவிட மெல்லியது. நீரை நாடும் தலையும் நீரை விட்டு ஒதுங்கும் இரட்டை வாலும் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகள், வால்களை உள்முகமாக வைத்து இரண்டு அடுக்காக நின்று அதை ஆக்குகின்றன. அந்தக் கொழுப்புப் படலத்தில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்பதை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினார்கள். அந்தப் புரதங்களில் சில வாயில்கள், சில பம்புகள். சோடியம்-பொட்டாசியம் பம்பு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இந்தப் பம்பைப் பற்றி 1957இல் எழுதிய டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1997ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி என்ற ஏற்பாடு இந்தப் பம்பால் நிலைக்கிறது.

நெருப்பு முதலில் கெடுப்பது இந்த ஏற்பாட்டை. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது இறுகுவதுபோலப் புரதங்கள் உருக்குலைந்து உறைகின்றன. சவ்வு கிழிந்து உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கசிகிறது. தீக்காயத்தில் மூன்று வளையங்கள் உண்டு என்று 1953இல் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதினார். நடுவில் இருப்பவை இறந்துவிட்டன. வெளிவளையம் சிவந்திருக்கும், தானே தேறும். இரண்டுக்கும் இடையில் உள்ளவை இரத்த ஓட்டம் தளர்ந்து, பிழைக்கவோ சாகவோ கூடிய நிலையில் கிடக்கும் உயிரணுக்கள். தீப்பட்ட உடனே இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடச் சொல்வது இந்த இடைவளையத்தைக் காப்பாற்றத்தான். பற்பசையும் பேனா மையும் மாவும் பூசுவது சூட்டை உள்ளேயே அடைத்து, மருத்துவர் காயத்தைப் பார்க்க முடியாமலும் செய்கிறது. காயம் பெரிதானால் உடல் குளிர்ந்துபோகாதபடி மற்ற பகுதியைப் போர்த்த வேண்டும்.

பெரிய தீக்காயத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் உயிரணுக்களும் இடைவெளி விடுகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்குகிறது. அமெரிக்காவின் பார்க்லண்ட் மருத்துவமனையில் உருவான கணக்குப்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லிலிட்டர் வீதம் முதல் 24 மணி நேரத்தில் திரவம் ஏற்ற வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 6 லிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். அந்த எட்டு மணி தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. ஆம்புலன்ஸில் சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போகும் நேரமும் அதில் சேரும்.

பச்சை உப்பும் தசையும்

நெருப்பைப்போலவே பட்டாசில் சேர்ந்து வந்த ஓர் உப்பும் சவ்வின் ஏற்பாட்டைக் குலைக்கவல்லது. அது பேரியம் நைட்ரேட்; பட்டாசுத் தொழிலில் பச்சை உப்பு என்பார்கள். வாணவேடிக்கையின் பச்சை நிறம் அதனுடையது. கம்பி மத்தாப்பிலும் சேர்ந்து வந்தது. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2021 அக்டோபர் 29இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. இந்த உப்பு உடலுக்குள் போனால் என்ன செய்கிறது என்று பார்த்தால் தசை எப்படி இயங்குகிறது என்பதும் விளங்கிவிடும்.

நரம்பு முனை அசெட்டைல்கோலினை வெளியிட, தசை உயிரணுவின் சவ்வில் சோடியம் வாயில்கள் திறந்து மின் அலை பரவுகிறது. உள்ளே சேமித்திருந்த கால்சியம் வெளிவருகிறது. அது டிரோபோனின் என்ற புரதத்தோடு சேர்ந்ததும் ஆக்டின் இழையின் பற்றிடங்கள் திறக்கின்றன. மயோசின் தலைகள் அவற்றைப் பிடித்து இழுத்து, விட்டு, மேலும் தள்ளிப் பிடிக்கின்றன: கிணற்றில் வாளிக் கயிற்றை மாறி மாறிக் கை வைத்து இழுப்பதுபோல. கயிறு குறுகுவதில்லை, நகர்கிறது; இழைகளும் அப்படியே. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறு பக்கமாக 1954இல் ஒரே சமயத்தில் இதை வெளியிட்டார்கள். பிடியை விடவும் ஏ.டி.பி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்த உடல் விறைத்துப்போவது அது தீர்ந்துவிடுவதால்.

பேரியம் அயனி அளவில் பொட்டாசியத்தைப் போன்றது, மின்னேற்றம் மட்டும் இரட்டிப்பு. பொட்டாசியம் வெளியேறும் வாயிலுக்குள் நுழைந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பம்போ பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடியே இருக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, சவ்வின் மின்னழுத்தம் குலைந்து, சோடியம் வாயில்கள் திறக்க இயலாமல் நின்றுவிட, தசை துவண்டுபோகிறது. முற்றினால் மூச்சுத் தசைகளும் நிற்கும். நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றுவதே முதன்மைச் சிகிச்சை. பெரும்பாலும் இது விழுங்குவதால் நேர்வது. சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதற்கு முன் கை கழுவுவது அதனால்தான் அவ்வளவு முக்கியம். எக்ஸ்ரே எடுக்கக் குடிக்கத் தரும் பேரியம் சல்ஃபேட் நீரில் கரையாதது, ஆகவே கேடில்லை.

பிரிதல்

தீயில் அழிந்தவற்றை ஈடுகட்ட, மிஞ்சிய உயிரணுக்கள் பிரிய வேண்டும். பிரியும் முன் உயிரணு தன் 46 குரோமோசோம்களையும் படியெடுக்கிறது. நுண்குழல்களாலான கதிர் அமைப்பு அவற்றை இரு பக்கமாக இழுத்துப் பிரிக்கிறது. பிறகு சவ்வின் அடியில் நடுவே ஒரு வளையம் தோன்றி, சுருக்குப்பையின் வாயைப்போல இறுகி, ஒன்றை இரண்டாக்குகிறது. அந்த வளையத்தை இறுக்குவதும் ஆக்டினும் மயோசினும்தான். தசைக்கு என்று நாம் நினைத்த பொறி ஒவ்வொரு விலங்கு உயிரணுவுக்கும் பொதுச் சொத்து.

மேலோட்டமான காயத்தில் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் எஞ்சிய உயிரணுக்கள் பிரிந்து பரவித் தோலை மூடிவிடுகின்றன. ஆழமான காயத்தில் அவையும் வெந்துவிட, ஓரங்களிலிருந்து மட்டுமே புதுத்தோல் வரவேண்டும். பெரிய பரப்புக்கு அது போதாது. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுகிறார்கள். சீவிய இடத்தில் மயிர்க்கால்கள் மிஞ்சியிருப்பதால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அது ஆறிவிடும். மனிதத் தோல் உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கும் வழியை 1975இல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் கண்டார்கள்.

வடுவின் இழுப்பு

ஆறும் காயத்தில் தசையிழைபோன்ற ஆக்டின் கற்றைகளோடு ஒரு வகை உயிரணு தோன்றுகிறது. 1971இல் கபியானி குழு இதை விவரித்தது. கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளைப் பற்றி இழுத்துக் காயத்தின் வாயைச் சிறிதாக்குவது இதன் வேலை. கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு என்று கண்டுசொன்னது சென்னைப் பல்கலைக்கழகம். ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூன்று புரி அமைப்பை வெளியிட்டார்கள். 

காயத்தை மூட உதவும் இதே இழுப்பு, முழங்கையிலோ கழுத்திலோ விரலிலோ நிற்காமல் தொடர்ந்தால் மூட்டையே மடக்கிவிடுகிறது. தசையின் இழுப்பு நொடியில் தளரும். இது தளர்வதில்லை, இழுத்த நிலையிலேயே புதுக் கொலாஜன் படிந்து பூட்டிவிடும். வலிக்கிறதே என்று விரலை மடக்கி வைத்துக்கொள்வது அதற்கு வழிவிடுகிறது. தோல் மூடியபின்னும் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக, பட்டை கட்டி விரல்களை நீட்டி வைக்கச் சொல்வது இதனால்தான். குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு நீளும், வடு அதற்கு ஈடாக நீளாது. ஐந்து வயதில் வெந்த கைக்கு, வளர வளர மீண்டும் மீண்டும் வடுவை அறுத்துத் தோல் ஒட்ட வேண்டி வரலாம்.