சிறுநீர் மாற்றுப்பாதை அறுவை சிகிச்சை: அறிய வேண்டியவை

புற்றுநோய் போன்ற காரணங்களால் சிறுநீர்ப்பை அகற்றப்படும்போது, சிறுநீர் வெளியேற மாற்றுப்பாதை அமைக்கப்படுகிறது. எம்முறை செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அன்றாடப் பராமரிப்பு அமையும்.

குடல்வழிப் பாதை: சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து சுமார் 15 செ.மீ. துண்டு பிரிக்கப்பட்டு, இரு சிறுநீர்க்குழாய்களும் அதில் இணைக்கப்படுகின்றன. அதன் மறுமுனை வயிற்றில் துளையாகத் திறக்கும். சிறுநீர் தொடர்ந்து வடிவதால், வெளியே ஒட்டும் பை எப்போதும் தேவை.

வால்வுடன் கூடிய உட்பை: இது ஸ்வீடன் அறுவை மருத்துவர் நில்ஸ் காக் உருவாக்கிய முறை. குடலால் உட்பை அமைத்து, சட்டைக்கையை உள்ளே மடிப்பதுபோல் குடலின் ஒரு பகுதியை அதனுள்ளேயே செருகி வால்வு ஆக்குவர். இவ்வால்வு சிறுநீர்க் கசிவைத் தடுக்கும். வெளிப்பை தேவையில்லை, ஆனால் மருத்துவர் கூறும் இடைவெளியில், பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை, கதீட்டர் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். வால்வு நழுவினால் கசிவு ஏற்படலாம்; மறு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

இரு முறைகளிலும் குடல் சளி சிறுநீரில் கலந்து வருவது இயல்பே.

காய்ச்சல், விலாவலி, சிறுநீர் வராமை, துளை கருமையாதல், கதீட்டர் நுழையாமை ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். கதீட்டரை வலிந்து செலுத்தக் கூடாது. சிகிச்சை முறையைக் குறிப்பிடும் மருத்துவமனைச் சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவும்.