நுரையீரலுக்கே நேராகப் போன மருந்து

நம் குடியிருப்பில் பல வீடுகளில் நெபுலைசர் இருக்கிறது. அது ஆஸ்துமாவுக்கான கருவி என்றுதான் பலர் நினைத்திருப்பீர்கள். அதன் வழியே ஆன்டிபயாடிக் கொடுக்கத் தொடங்கிய கதையைக் கேளுங்கள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது பிறவி நோய். நுரையீரல் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். அதில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறினால் லேசில் காலி செய்யாது (உதாரணம் சொல்ல ஆசைதான், வேண்டாம்!). தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். டோப்ராமைசின் போன்ற மருந்தை ஊசியாகப் போட்டால் சளிக்குள் கொஞ்சம்தான் போய்ச் சேரும். அளவைக் கூட்டினாலோ சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படும்.

1981-ல் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் மார்கரெட் ஹாட்சன் குழுவினர் 20 நோயாளிகளுக்கு மருந்தை மூச்சு வழியே கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. ஆனாலும் மூச்சுக்கென்றே தயாரித்த டோப்ராமைசினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1997 டிசம்பர் ஆயிற்று. வேளைக்கு 300 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. 28 நாள் எடுத்து 28 நாள் நிறுத்த வேண்டும். கிருமி மருந்துக்குப் பழகிவிடக் கூடாது என்பதற்காக இந்த இடைவெளி. 520 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களின் மூச்சுத் திறன் 20 வாரத்தில் சராசரியாக 10 சதவீதம் கூடியிருந்தது.

வணிகவியல் படித்த எனக்கு இதில் இன்னொரு கணக்கும் தெரிகிறது. நோயாளிகள் குறைவென்றால் கம்பெனிகளுக்கு ஆர்வமும் குறைவு. அமெரிக்காவில் இந்த நோய்க்காக 1955-ல் பெற்றோர்கள் கூடித் தொடங்கிய சங்கம்தான் நிதி திரட்டி ஆராய்ச்சிக்குக் கை கொடுத்தது. சங்கம் என்றால் வாட்ச்மேன் சம்பளமும் தண்ணீர் லாரியும் மட்டுமல்ல!

பிறகு 2010-ல் அஸ்ட்ரியோனாம், 2013-ல் பொடியாக உறிஞ்சும் டோப்ராமைசின், 2018-ல் நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் அடைத்த அமிக்கசின் என்று வந்தன. கடைசியாகச் சொன்னது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்றுக்கானது.

நம் நாட்டில் காசநோய் குணமான பிறகும் மூச்சுக்குழாய்கள் விரிந்து தழும்பேறி, சளியோடு வாழ்பவர்கள் நிறைய. பிராங்கியெக்டாசிஸ் எனப்படும் இதற்கு இம்மருந்துகள் உதவுமா என்ற ஆய்வுகளில் சில நல்ல பலன் காட்டின, சில காட்டவில்லை. சளியைப் பரிசோதித்து, எந்தக் கிருமி என்று பார்த்துத்தான் நுரையீரல் டாக்டர் முடிவு செய்வார். சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகிவிடும் என்பதால், முதல் வேளையை டாக்டர் முன்னிலையில் கொடுத்து, முன்னும் பின்னும் மூச்சை அளந்து பார்ப்பது வழக்கம். மீந்துபோன ஊசி மருந்தை நீங்களாகவே வீட்டு நெபுலைசரில் ஊற்றிவிடாதீர்கள்.