தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய சாரண மாணவர்களை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுதந்திர தின விழாக்களில் பார்த்திருப்பீர்கள். 1909-இல் சாரணர் இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது நம் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. தடம் பார்க்கவும் வரைபடம் படிக்கவும் கூட்டாக இயங்கவும் இந்தியப் பையன்கள் பழகிவிட்டால் நாளைக்கு யாரை எதிர்ப்பார்கள் என்ற பயம் வெள்ளை அரசுக்கு. பயந்ததில் நியாயம் இருந்தது!

அன்னி பெசன்ட் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. ஹோம் ரூல் இயக்கம் கண்ட அதே 1916-இல், தன் சகா அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பி போய்த் தலைப்பாகை வந்தது. பாட்டும் நம் பாட்டு. 1921-இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இந்தியா வந்தபோது, பெசன்ட்டின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது.

சிறுவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்பதை பேடன் பவல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் முற்றுகையில் (1899-1900) கண்கூடாகப் பார்த்தவர். அங்கே செய்தி கொண்டுபோனது சிறுவர் படை. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் அவர் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை அணிகளாகப் பிரித்து, அவர்களில் ஒருவனையே ஒவ்வொரு அணிக்கும் தலைவனாக்கினார். நீதிபோதனை வகுப்பு செய்யாததை இந்த ஏற்பாடு செய்தது என்பது என் கணிப்பு. முகாமில் கஞ்சி தீய்ந்தால் அணித்தலைவன்தான் பதில் சொல்ல வேண்டும். வாத்தியார் மேல் பழிபோட முடியாது.

சாரணர்கள் பழகும் ரீஃப் முடிச்சும் பொறுப்பைத்தான் கற்றுத்தருகிறது. வலது முனையை இடதின் மேல் போட்டு முடிந்து, அடுத்து இடதை வலதின் மேல் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் பார்வைக்கு முடிச்சுதான்; பாரம் ஏறினால் நழுவும். உடைந்த கையைத் தாங்கும் தூளிக்கட்டில் அந்தப் பிழை யாருக்கு வலிக்கும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிய விழுப்புரம் மாவட்டம் இது. கயிறு கட்டவும் முதலுதவி செய்யவும் தெரிந்த பிள்ளைகள் இங்கே ஊருக்கு ஊர் வேண்டும்.

பெசன்ட்டின் சங்கக் கதைக்கு வருவோம். 1921-இல் கூடிய உறவு நிலைக்கவில்லை. 1937-இல் மீண்டும் வந்த பேடன் பவல் இந்தியர்களின் நேர்மையைப் பற்றிச் சொன்ன கருத்து பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. பலர் அவருடைய சங்கத்தை உதறிவிட்டு வெளியேறினார்கள். பிரிந்தவர்கள் ஒன்றுசேர்ந்து பாரத சாரணர் இயக்கமாவதற்கு 1950 வரை ஆனது. அந்தச் சண்டை அடுத்த வாரம்.